சர்வே எண் 214, மேற்குப் பாதி

விஜயநாராயணம் பக்கம்
பலவேசம் அண்ணாச்சியின் பிசான நெல்லில்
புகையான் விழுந்து மூன்று நாள்.
வட்டவட்டமாய்க் காய்ந்து
கங்கு விழுந்த பாய் மாதிரி கிடக்கிறது அம்பை பதினாறு.

பத்து லிட்டர் டப்பாவில் மருந்தைக் கலக்கி
ட்ரோனின் ஆறு கைகளையும் விரித்து வைத்தேன்.
மகளிர் குழுக் கடனில் வந்த இயந்திரம்.
அதற்கொரு பதிவு எண் உண்டு,
எனக்கொரு சான்றிதழ் உண்டு,
அதில் என் அப்பா பெயரைத் தப்பாக அடித்திருக்கிறார்கள்
என்பது தவிர எல்லாம் சரி.

கிழக்குப் பாதி ஏழு நிமிடத்தில் முடிந்தது.
மேற்கே திருப்பினேன்.
நடு வயலில், வரப்பே இல்லாத இடத்தில்,
சுவரில் முட்டிய ஆடு போல் நின்றது.
விசையைத் தள்ளினால் முனகுகிறது, நகரவில்லை.

செல்போன் வரைபடத்தைத் தூக்கிக் காட்டினேன்.
கிழக்கு பச்சை. மேற்கு சிவப்பு.
அண்ணாச்சி கண்ணைச் சுருக்கினார்.
"தலையாரி வந்து சங்கிலி பிடிச்சானா?"
இல்லை.
"கல்லு நட்டிருக்கா?"
இல்லை, இது மேலே போட்ட கோடு.
"மேல எதுவரைக்கும்?"
எவ்வளவு தூரமும்.
"கீழ?"
தரை வரைக்கும்.
"அப்ப நெல்லு எதுல சேர்த்தி?"

தூரத்தில் கடற்படைக் கோபுரங்கள்.
கடலுக்கடியில் போகும் கப்பலோடு
பேசுமாம் அந்தக் கம்பிகள்.
அந்தப் பேச்சுக்கு நடுவே
என் இயந்திரம் இரையக் கூடாது.
ஒத்துக்கொள்கிறேன்.

கோடே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்.
பயிற்சியில் என்னோடு இருந்தான் ஏர்வாடி மசூது,
கல்யாண வீட்டுப் படம் பிடிக்கிறவன்.
ஒரு கொடைக்கு, சப்பரத்துக்கு மேலே பறக்கவிட்டு
அது கூட்டத்துக்குள் விழுந்து
ஒரு பிள்ளைக்குப் புருவத்தில் நாலு தையல்.
அதை அவன் சொல்லும்போது
தன் புருவத்தையே தடவிக்கொண்டான்.

வரப்பில் உட்கார்ந்தே விண்ணப்பித்தேன்.
ஆதார், பதிவு எண், நோக்கம்.
நோக்கம் என்ற கட்டத்தில் பூச்சி என்று எழுதினேன்.
'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது,
மின்விசிறி ஓடுகிற ஏதோ ஒரு ஊரிலிருந்து.
புகையானுக்குப் பரிசீலனை கிடையாது.
தூரைப் பிடித்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும்
விடிய விடிய.

ஆகவே தளவாய் அத்தான் வந்தார்.
முதுகில் பதினாறு லிட்டர்,
வாயில் ஈரத் துண்டு, வெறுங்கால்.
இந்த ஆளின் இருமலை
நாலு வருடம் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுத்தான்
நான் பத்து நாள் பயிற்சிக்குப் போனது.
அக்காள் தன் கம்மலைக் கழற்றித் தந்தது.

அத்தான் உயரம் ஐந்தேமுக்கால் அடி.
என் இயந்திரம் பறப்பது எட்டு அடியில்.
நடுவில் இருக்கிற இரண்டேகால் அடிதான் சட்டம்.
அங்கிருந்து மருந்து விழுந்தால் குற்றம்,
அதற்குக் கீழே மூச்சில் ஏறினால்
விவசாயம்.

சும்மா நிற்க முடியவில்லை.
துப்பட்டாவை மூக்கில் கட்டி
இன்னொரு கைத்தெளிப்பானை மாட்டிக்கொண்டு
சிவப்புக்குள் இறங்கினேன்.
சேறு முழங்கால் வரை.
சிவப்பு என்று அதற்குத் தெரியவில்லை.
ஒருவரும் தடுக்கவும் இல்லை.

மாலையில் பதிவேட்டை நிரப்பினேன்.
பறந்த நேரம்: ஏழு நிமிடம்.
தடை செய்யப்பட்ட பகுதியில்: இல்லை.
நடந்ததற்குக் கட்டம் இல்லை.

எச்சில் தொட்டு ரூபாயை எண்ணிய அண்ணாச்சி
"பாதிக்குத்தான பறந்தே" என்று
பாதிதான் நீட்டினார்.
நான் வாங்கிக்கொண்டேன்.
அத்தான் வாய்க்காலில் குனிந்து
முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்,
கழுவியதையே மறுபடியும்.
மேகம் பார்ப்பவள் போல் அண்ணாந்தபடி
நான் கேட்டுக்கொண்டே நின்றேன்,
இருமல் வருகிறதா என்று.